தட்டைவிடக் குவளையைக் கவனியுங்கள்: யூரிக் அமிலமும் ஒரு தடைப் பட்டியலும்

இரத்தப் பரிசோதனையில் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பது தெரிந்த நாள் முதல், ஒருவரைத் தேடி ஓயாமல் வந்துகொண்டிருப்பவை தடைப் பட்டியல்கள். பருப்பு ஆகாது, கீரை ஆகாது, பட்டாணி ஆகாது, காளான் ஆகவே ஆகாது என்று உறவினர் ஒருவர் சொல்வார். தக்காளியையும் காலிஃபிளவரையும் விட்டுவிட்டீர்களே என்று இன்னொருவர் நினைவூட்டுவார். எனக்கு வந்து சேர்ந்தவற்றை எல்லாம் ஒன்றாக வைத்துப் பார்த்தால் உண்பதற்கு மிஞ்சியது மிகக் கொஞ்சம். ஆனால் அவற்றில் ஒன்றுகூட நான் என்ன குடிக்கிறேன் என்று கேட்கவில்லை. எடை என்ன, இரவில் எப்படித் தூங்குகிறேன், இரத்த அழுத்தத்துக்கு என்ன மாத்திரை எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டவரும் இல்லை. நான் மருத்துவன் அல்லன். யூரிக் அமிலம் மூட்டில் படிகமாகப் படிவதால் வரும் கவுட் நோயைப் பெருவிரலில் சுமந்தபடி சில ஆண்டுகளாக இதைப் பற்றித் தேடிப் படித்து வருபவன். படித்ததிலிருந்து எனக்குத் தெளிந்தது இதுதான்: பெரும்பாலோருக்கு யூரிக் அமிலம் ஏறுவது, அளவுக்கு அதிகமாக உள்ளே போவதால் அன்று, போதிய அளவு வெளியேறாததால். ஆகவே எதை விலக்குவது என்று கேட்பதைவிட, எது அதை உடலுக்குள் தங்கவைக்கிறது என்று கேட்பதே பலன் தரும்.

யூரிக் அமிலம் வெளியிலிருந்து நுழையும் நஞ்சு அன்று. நம் ஒவ்வொரு செல்லின் டி.என்.ஏ.விலும், ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. மூலக்கூறிலும் பியூரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. பழைய செல்கள் சிதையும்போது அந்தப் பியூரின் படிப்படியாக உடைந்து, சாந்தைன் ஆக்சிடேஸ் என்னும் நொதியின் வேலையால் யூரிக் அமிலமாக முடிகிறது. நாள்தோறும் உருவாகும் அளவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இப்படி உடலுக்குள்ளேயே பிறப்பது. உணவின் வழியாக வருவது மீதி ஒரு பங்குதான். மற்ற பாலூட்டிகளில் பெரும்பாலானவற்றிடம் யூரிகேஸ் என்ற இன்னொரு நொதி உண்டு. அது யூரிக் அமிலத்தை நீரில் எளிதாகக் கரையும் அல்லன்டாயினாக மாற்றிவிடும். மனிதர்களும் மனிதக் குரங்குகளும் அந்த நொதியை ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பரிணாமத்தின் போக்கில் இழந்துவிட்டோம். எனவே முழுச் சுமையும் வெளியேற்றத்தின்மேல் விழுகிறது: மூன்றில் இரண்டு பங்கைச் சிறுநீரகமும் மீதியைக் குடலும் கழிக்கின்றன. இதில் வியப்பு என்னவென்றால், சிறுநீரகம் வடிகட்டிய யூரிக் அமிலத்தில் 90 விழுக்காட்டை மறுபடியும் இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. ஒரு தொட்டி நிரம்பி வழிந்தால் குழாயையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருப்பதில் பயனில்லை, வடிகாலையும் பார்க்க வேண்டும். கவுட் நோயாளிகளில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேருக்குச் சிக்கல் இருப்பது அந்த வடிகாலில்தான்.

37 டிகிரி வெப்பத்தில் யூரேட், அதாவது யூரிக் அமிலத்தின் உப்பு வடிவம், இரத்தத்தில் கரைந்திருக்கக்கூடிய எல்லை, டெசிலிட்டருக்குச் சுமார் 6.8 மில்லிகிராம். அதைத் தாண்டினால் ஊசி போன்ற படிகங்கள் உருவாகும் வாய்ப்புத் தொடங்குகிறது. பரிசோதனை நிலையங்கள் பலவும் ஆண்களுக்கு 7 வரையிலோ அதற்குச் சற்று மேலேயோகூட இயல்பு என்று அச்சிட்டுத் தருகின்றன. அது மக்கள்தொகையில் பலருக்கும் காணப்படும் அளவே தவிர, படிகம் உருவாகாத அளவு அன்று. நோய் வந்துவிட்டவர்களுக்கு மருத்துவர்கள் 6-க்குக் கீழே என்று இலக்கு வைப்பதன் காரணம் இதுவே. வெப்பம் குறையக் குறையக் கரைதிறனும் குறைகிறது; உடலின் நடுப்பகுதியைவிடக் குளிர்ந்திருக்கும் கால் விரல்களில் படிகம் முதலில் படிவதற்கு இது ஒரு காரணம். முன்பு அடிபட்ட மூட்டிலும் தேய்ந்த மூட்டிலும் அது விரும்பி உட்காருகிறது. பட்ட காலிலே படும் என்பதை இந்த நோய் அட்சரம் பிசகாமல் பின்பற்றுகிறது.

வலியையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அதைப் பார்த்திராதவர்கள் இதைச் சாதாரண மூட்டுவலி என்று எண்ணிக்கொள்கிறார்கள். பெருவிரலின் அடிமூட்டு சில மணி நேரத்தில் சிவந்து, தோல் இழுபட்டுப் பளபளவென்று வீங்கி நிற்கும். மெல்லிய போர்வையின் நுனி பட்டால்கூடத் தாங்காது என்பதால் அந்தக் காலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு படுக்க வேண்டியிருக்கும். யாராவது அறைக்குள் நடந்து வந்தால் அந்தக் காலடி அதிர்வு மூட்டுக்குள் தெரியும். பெரும்பாலும் இது நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில்தான் தொடங்குகிறது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வு, பகலைக் காட்டிலும் நள்ளிரவு முதல் காலை 8 மணி வரை தாக்குதல் வரும் வாய்ப்பு 2.4 மடங்கு என்று கணக்கிட்டது. உறக்கத்தில் உடல் சற்றுக் குளிர்வது, நீர்ச்சத்து குறைவது, மூச்சுத் தடைப்பட்டு ஆக்சிஜன் இறங்குவது எனக் காரணங்கள் பல சொல்லப்படுகின்றன. பலமாகக் குறட்டை விட்டு, பகலில் தூங்கி வழிபவர்கள் உறக்க மூச்சடைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது யூரிக் அமிலத்துக்காகவும்தான்.

எண் கூடியவர்கள் எல்லோருக்கும் கவுட் வந்துவிடும் என்று இதற்குப் பொருள் இல்லை. அளவு ஏறியவர்களில் பெரும்பாலோர் வாழ்நாள் முழுவதும் ஒரு தாக்குதலைக்கூடச் சந்திப்பதில்லை. வலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாமல் எண் மட்டும் சற்று ஏறியிருப்பவர்களுக்கு மருந்து தொடங்க வேண்டாம் என்றே அமெரிக்க வாதநோய் மருத்துவக் கல்லூரியின் 2020-ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. அப்படிப்பட்டவர்களுக்கு வாழ்க்கை முறையைச் சரிசெய்வதே உரிய முதல் வேலை. அந்த வேலையை எங்கிருந்து தொடங்குவது என்பதில்தான் தடைப் பட்டியல்கள் நம்மைத் தவறான பக்கம் திருப்பிவிடுகின்றன.

என் கருத்தில் தொடங்க வேண்டிய இடம் சர்க்கரை கலந்த பானங்கள். குளிர்பானத்தில் பியூரின் இல்லை. ஆகவே எந்தப் பட்டியலிலும் அதன் பெயர் இருப்பதில்லை. ஆனால் நாம் பயன்படுத்தும் சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ், அது கல்லீரலில் நடந்துகொள்ளும் விதமே தனி. குளுக்கோஸை உடைக்கும்போது, போதும் என்று நிறுத்தும் கட்டுப்பாடு ஒன்று உடலிடம் இருக்கிறது. ஃப்ரக்டோஸுக்கு அந்த முதற்படியில் கட்டுப்பாடு இல்லை. வந்த அளவு முழுவதற்கும் ஃப்ரக்டோகைனேஸ் நொதி ஏ.டி.பி.யிலிருந்து பாஸ்பேட்டை எடுத்து ஒட்டிக்கொண்டே போகிறது, செல்லின் ஏ.டி.பி. இருப்பு சடசடவென்று இறங்குகிறது. மிஞ்சிய பகுதி ஏ.எம்.பி. ஆகி, அது மேலும் உடைந்து யூரிக் அமிலமாகிறது. அதாவது ஒரு துண்டு இறைச்சிகூடத் தொடாமல், குவளையில் இருந்த இனிப்பைக் கொண்டே உடல் தன் சொந்தப் பியூரினைச் சிதைத்து யூரிக் அமிலம் தயாரிக்கிறது. பியூரின் இல்லாத ஒரு பொருள் இவ்வளவு விரைவாக அதை ஏற்றிவிடும் என்பதை முதன்முதலில் படித்தபோது, ஏன் இதை யாரும் சொல்லவில்லை என்றுதான் எனக்குத் தோன்றியது.

2008-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்த ஆய்வில், மாதம் ஒன்றுக்கும் குறைவாகச் சர்க்கரைக் குளிர்பானம் அருந்திய ஆண்களோடு ஒப்பிட, நாளுக்கு இரண்டோ அதற்கு மேலோ அருந்தியவர்களுக்குக் கவுட் வரும் வாய்ப்பு 85 விழுக்காடு கூடுதலாக இருந்தது. சர்க்கரையில்லாத குளிர்பானங்களில் அந்தத் தொடர்பு காணப்படவில்லை. 330 மில்லிலிட்டர் கோலா ஒன்றில் ஏறத்தாழ 35 கிராம் சர்க்கரை இருக்கிறது. நூறு விழுக்காடு பழச்சாறு என்று அட்டையில் எழுதியிருக்கும் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். சர்க்கரை என்ற வரிக்கு நேரே இருக்கும் எண், குளிர்பானத்தின் எண்ணுக்குப் பெரிதும் குறைந்ததாக இராது. அதே ஆய்வில் பழச்சாறும் குற்றவாளிக் கூண்டில் நின்றது. முழுப் பழத்தை நான் விடவில்லை. நார்ச்சத்தோடு மென்று தின்னும்போது நாலைந்து ஆரஞ்சுப் பழங்களை ஒரே மூச்சில் யாரும் முடிப்பதில்லை. பிழிந்துவிட்டால் அவை அத்தனையும் ஒரு குவளைக்குள் அடங்கிவிடுகின்றன. தேனிலும் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு ஃப்ரக்டோஸ்தான் என்பதை, வெந்நீரில் தேன் கலந்து குடித்தால் யூரிக் அமிலம் இறங்கும் என்று சொல்பவர்கள் கவனிக்க வேண்டும்.

அடுத்தது மது. இதில் நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஆல்கஹால் உடலில் உடையும்போது லாக்டேட் பெருகி, சிறுநீரகம் யூரேட்டைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளத் தூண்டுகிறது. அதே வேளையில் உற்பத்தியையும் கூட்டுகிறது. பீரில் பியூரினும் சேர்ந்தே இருப்பதால் அது இரட்டைக் கேடு. 2004-இல் லான்செட்டில் வந்த ஆய்விலும் மதுவகைகளில் பீருக்கே மிக வலுவான தொடர்பு தெரிந்தது. மிதமாக அருந்திய வைனுக்கு அந்த ஆய்வில் தொடர்பு தெரியவில்லை என்பதைச் சிலர் அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்கிறார்கள். ஏற்கெனவே நோய் வந்தவர்களிடம் எந்த மதுவும் தாக்குதலைத் தூண்டக்கூடும் என்று பின்னர் வந்த ஆய்வு காட்டியிருப்பதை அவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இனித் தட்டுக்கு வரலாம். ஈரல், சிறுநீரகம் போன்ற உள்ளுறுப்புகள், மத்தி, நெத்திலி போன்ற சிறு மீன்கள், சிப்பி வகைகள், ஈஸ்ட் சாறு ஆகியவற்றில் பியூரின் மிக அதிகம். சிவப்பு இறைச்சி அவற்றுக்கு அடுத்த நிலை. இவற்றைக் குறைப்பதில் எனக்கு மறுப்பு இல்லை. இறைச்சியைக் கொதிக்க வைத்தால் பியூரினில் ஒரு பகுதி நீரில் இறங்கிவிடும் என்பது உண்மை. ஆனால் அந்த நீரையே சத்தான சாறு என்று சொல்லிக் குடித்தால், இறக்கியதை மறுபடியும் ஏற்றிக்கொண்டதாகத்தான் ஆகும். எனக்கு மறுப்பு இருப்பது பருப்பையும் கீரையையும் காளானையும் அதே வரிசையில் நிறுத்துவதில். 2004-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளியான, 47,150 ஆண்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு இந்தக் கேள்வியை நேராகவே ஆராய்ந்தது. இறைச்சியும் கடலுணவும் அதிகம் உண்டவர்களுக்குக் கவுட் வாய்ப்புக் கூடியது. பியூரின் மிகுந்த காய்கறிகளையும் பருப்பு வகைகளையும் அதிகம் உண்டவர்களுக்குக் கூடவில்லை. காகிதத்தில் பியூரின் அளவை மட்டும் பார்த்துப் பட்டியல் போட்டவர்கள், உண்டவருக்கு என்ன ஆனது என்று பார்க்கவில்லை. அந்தப் பட்டியலை நம்பிப் பருப்பையும் காய்கறியையும் விட்டவர் வயிற்றை எதைக் கொண்டு நிரப்புவார்? பெரும்பாலும் மாவுச்சத்தையும் இனிப்பையும் கொண்டு. எடை ஏறும், இன்சுலின் ஏறும், அதன் பின்னாலேயே யூரிக் அமிலமும் ஏறும்.

தக்காளியைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பியூரின் மிகக் குறைவு. ஆனால் தங்களுக்குத் தாக்குதலைத் தூண்டுவதாகச் சொல்லும் நோயாளிகள் உண்மையாகவே இருக்கிறார்கள். ஒருவருக்குத் தன் உடலில் அப்படித் தெரிந்தால் அவர் விடட்டும். ஊருக்கே தடை போடத் தேவையில்லை.

விலக்குவதை மட்டுமே பேசிக்கொண்டிருப்பதால், சேர்க்க வேண்டியவை பேச்சில் வருவதில்லை. மேலே சொன்ன 47,150 பேர் ஆய்விலேயே பாலும் தயிரும், குறிப்பாகக் கொழுப்பு நீக்கியவை, கவுட் வாய்ப்பைக் குறைப்பதோடு தொடர்புற்றிருந்தன. பாலின் புரதங்கள் யூரிக் அமிலத்தைச் சிறுநீரில் கூடுதலாக வெளியேற்றத் தூண்டுகின்றன. காபி இன்னொரு நற்செய்தி. நாளுக்கு நான்கைந்து கோப்பை அருந்திய ஆண்களிடம் கவுட் வாய்ப்பு 40 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2007-இல் ஓர் ஆய்வு சொன்னது. காஃபீன் நீக்கிய காபியிலும் ஓரளவு அந்தப் பயன் இருந்தது, தேநீரில் இல்லை. ஆகவே வேலை செய்வது காஃபீன் அன்று. இதற்காகத் தூக்கம் கெடும் அளவுக்குக் குடிக்கச் சொல்லவில்லை. இருக்கும் வழக்கத்தைக் குற்ற உணர்வோடு விட வேண்டாம், அதில் சர்க்கரையை மட்டும் விடலாம். செர்ரிப் பழத்தைப் பற்றி 633 கவுட் நோயாளிகளிடம் செய்யப்பட்டு 2012-இல் வெளியான ஆய்வில், இரண்டு நாள் இடைவெளிக்குள் செர்ரி உண்டவர்களுக்குத் தாக்குதல் 35 விழுக்காடு குறைவாகக் காணப்பட்டது. ஆனால் இது பின்தொடர்ந்து பார்த்த ஆய்வே அன்றி மருந்தைப் போல் சோதித்த ஆய்வு அன்று. வைட்டமின் சி நாளுக்கு 500 மில்லிகிராம் எடுத்தால் யூரிக் அமிலம் டெசிலிட்டருக்குச் சராசரியாக 0.35 மில்லிகிராம் இறங்குகிறது. கவுட் நோயாளிகளிடம் அந்த அளவுகூடத் தெளிவாகத் தெரியவில்லை. அதிக அளவு மாத்திரையாக விழுங்கினால் ஆக்சலேட் கல் உருவாகும் ஆபத்தும் உண்டு. உணவில் கிடைப்பது போதும்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் யாரும் விடுவதில்லை. அது சரிதான், உடல் வறண்டால் யூரேட் செறிவு கூடும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்கு நாள் முழுவதும் பரவலாக அருந்துவது போதும். இதய, சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவைத் தாண்டக் கூடாது. எலுமிச்சையின் சிட்ரேட் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைக்க உதவும். யூரிக் அமிலக் கற்கள் உருவாவது சிறுநீரின் பி.எச். 5.5-க்குக் கீழே இருக்கும்போது என்பதால் கல் உள்ளவர்களுக்கு இது பொருந்தும் ஒன்று. ஆப்பிள் வினிகரும் சமையல் சோடாவும் மூட்டுப் படிகத்தைக் கரைத்துவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சமையல் சோடாவில் இருக்கும் சோடியம் இரத்த அழுத்தக்காரர்களுக்குக் கேடும் செய்யும்.

எடை குறைப்பதை நான் இவ்வளவு தாமதமாகச் சொல்வது அது சிறியது என்பதால் அன்று. தாராளமாகச் சொல்ல இடம் வேண்டும் என்பதால். வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு சேரும்போது உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்க மறுக்கிறது. கணையம் அதிக இன்சுலினைச் சுரந்து ஈடுகட்டுகிறது. அந்தக் கூடுதல் இன்சுலின், சிறுநீரகம் யூரேட்டை மேலும் திருப்பி உறிஞ்சும்படி செய்கிறது. வடிகால் அடைபடுவதன் மையமான காரணங்களில் இது ஒன்று. எடை இறங்கினால் இந்தச் சங்கிலி தளர்கிறது. ஆனால் இறங்கும் வேகத்தில் கண் வேண்டும். பட்டினி கிடந்தாலும், மாவுச்சத்தை அடியோடு நிறுத்தினாலும் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்குகிறது. அவை வெளியேறும் பாதையில் யூரேட்டோடு போட்டியிடுவதால் யூரிக் அமிலம் சட்டென்று ஏறும். எடை குறைப்பு முகாமில் சேர்ந்த முதல் வாரத்திலேயே மூட்டு வீங்கிப் படுத்தவர்கள் உண்டு. அவர்கள் செய்தது தவறான காரியம் அன்று, தவறான வேகம். மாதம் இரண்டு மூன்று கிலோ என்ற போக்கில், வேளை தவறாமல் உண்டு, நாள்தோறும் வேகமாக நடந்து குறைப்பதே இந்த நோய்க்கு உகந்தது. மூச்சு வாங்கும் கடும் பயிற்சியைத் திடீரென்று தொடங்குவதும் தசையின் ஏ.டி.பி.யைச் சிதைத்து அப்போதைக்கு அளவை ஏற்றும்; வியர்வையோடு நீரும் போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

இத்தனையும் செய்தால் எவ்வளவு இறங்கும்? பலரும் தவிர்க்கும் கேள்வி இது. காய்கறி, பழம், முழுத்தானியம், கொழுப்பு குறைந்த பால் ஆகியவற்றை முன்னிறுத்தி, இரத்த அழுத்தத்துக்காக வகுக்கப்பட்ட டாஷ் உணவுமுறையை வைத்துச் செய்த ஆய்வில் சராசரியாக 0.35 மில்லிகிராம் இறங்கியது; தொடக்கத்திலேயே 7-க்கு மேல் இருந்த சிலரிடம் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று மேல் இறங்கியது. எடையும் மதுவும் இனிப்பும் சேர்ந்து குறைந்தால் சிலருக்கு இன்னும் கூடுதலாக இறங்கலாம். ஆகவே 7.4-இல் இருப்பவர் உணவாலும் நடையாலும் எல்லைக்குள் வந்துவிட நியாயமான வாய்ப்பு உண்டு, 9.5-இல் இருந்துகொண்டு ஆண்டுக்குப் பல தாக்குதல்களைச் சந்திப்பவர், கீரையைத் துறந்து வெறுஞ்சோறு தின்றாலும் 6-க்கு வருவது அரிது. 2018-இல் வந்த ஒரு பெரிய ஆய்வில், மக்களிடையே யூரிக் அமில அளவு வேறுபடுவதில், மதிப்பெண்ணிட்டுப் பார்த்த உணவுமுறைகளில் எந்த ஒன்றின் பங்கும் 0.3 விழுக்காட்டைத் தாண்டவில்லை; பொதுவான மரபணு வேறுபாடுகளின் பங்கோ ஏறத்தாழ 24 விழுக்காடு. எஸ்.எல்.சி.2ஏ9, ஏ.பி.சி.ஜி.2 என்ற மரபணுக்கள் யூரேட்டை உள்ளே இழுக்கும், வெளியே தள்ளும் வாயில்களை ஆள்பவை. அவற்றை நாம் தேர்ந்தெடுக்கவில்லை. ஆகவே இந்த நோயை நாக்கை அடக்கத் தெரியாதவனின் நோய் என்று விருந்துகளில் கிண்டல் செய்வதில் அறிவியலும் இல்லை, நாகரிகமும் இல்லை.

மருந்து வேண்டியவருக்கு இயற்கை முறை என்ற சொல் சில வேளைகளில் தடையாகவும் நிற்கிறது. அல்லோபியூரினால் (allopurinol) என்பது யூரிக் அமில உற்பத்தியைக் குறைக்க 1960-களிலிருந்து பயன்பாட்டில் இருக்கும் மருந்து. அதை உருவாக்கியதில் பங்காற்றிய கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும் 1988-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்கள். குறைந்த அளவில் தொடங்கிப் படிப்படியாக ஏற்ற வேண்டிய மருந்து அது, எச்.எல்.ஏ.-பி 58:01 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குக் கடும் தோல் ஒவ்வாமை வரக்கூடும் என்பதால், அந்த வகை அதிகம் காணப்படும் சில ஆசிய மக்களிடம் முன்கூட்டியே பரிசோதிக்கிறார்கள். மருந்து தொடங்கிய முதல் மாதங்களில் பழைய படிகங்கள் கரைந்து கலையும்போது தாக்குதல் வரலாம். அதற்காக அழற்சியைத் தணிக்கும் கோல்சிசின் போன்ற மருந்துகளைக் கூடவே தருவார்கள். இதை முன்னமே சொல்லாததால், மருந்துதான் வலியைக் கொண்டுவந்தது என்று நினைத்துப் பாதியில் நிறுத்தியவர்கள் பலர்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, எடுத்துக்கொள்ளும் எல்லா மாத்திரைகளின் பெயரையும் கொண்டு போங்கள். இரத்த அழுத்தத்துக்கும் கால் வீக்கத்துக்கும் தரப்படும் சிறுநீர்ப் பெருக்கிகளும், இதயத்துக்காகத் தரப்படும் குறைந்த அளவு ஆஸ்பிரினும் யூரிக் அமிலத்தை ஏற்றக்கூடியவை. லோசார்டன் என்ற இரத்த அழுத்த மாத்திரையோ அதைச் சற்று இறக்கும். எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மாற்ற முடியுமா என்று கேட்டால் போதும். பரிசோதனையின் நேரமும் முக்கியம். வலி உச்சத்தில் இருக்கும் நாளில் எடுக்கும் இரத்தத்தில் யூரிக் அமிலம் இயல்பாகவே காட்டக்கூடும். அந்த எண்ணை நம்பி இது கவுட் அன்று என்று முடிவு செய்துவிடாமல், வலி முழுவதும் அடங்கி இரண்டு வாரமாவது கழிந்த பிறகு, முதல்நாள் விருந்தோ பட்டினியோ இல்லாமல் மறுபடி ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.